சான்றளித்தவர்களும் சான்று சொன்னவர்களும்

உடற்குறையோ அறிவுசார் குறைபாடோ உடைய குழந்தைகள் பொதுப்பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டதற்குச் சமூகத்தின் அருவருப்பு, பெற்றோரின் கூச்சம், அரசின் சிக்கனம் ஆகிய மூன்றையும் காரணமாகச் சுட்டுவது வழக்கம். அவை பொய்யல்ல. ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் அந்த விலக்கல் சட்டப்படி செல்லுபடியானது பெரும்பாலும் ஒரு மருத்துவரோ உளவியலரோ இட்ட கையொப்பத்தால்தான் என்பதும், இன்று குழந்தைகளின் உரிமைக்காக வாதாடும் துறை வல்லுநர்கள் அதே மரபின் வாரிசுகள் என்பதும் போதிய அளவுக்குப் பேசப்படுவதில்லை. உள்ளடக்கிய கல்வி எனப்படுவது, குறைபாடுடைய குழந்தையும் மற்றக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் கற்பதையும், அதற்காகக் குழந்தையைப் பள்ளிக்கேற்பத் திருத்த முயலாமல் பள்ளியின் கட்டடத்தையும் பாடத்தையும் கற்பிக்கும் முறையையும் தேர்வையும் குழந்தைக்கேற்ப மாற்றியமைப்பதையும் குறிக்கும். இக்கொள்கைக்காக வல்லுநர்கள் எழுப்பும் குரலின் எடையை, அவர்கள் தம் கையிலிருந்த அதிகாரத்தில் எவ்வளவைக் கைவிட்டார்கள் என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இச்சொற்பொழிவின் கருத்து. அதனை நிறுவுவதற்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1971இல் நடந்த ஒரு வழக்கு விரிவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அவ்வழக்கின் வேர் பாரிஸ் நகரத்தில் இருக்கிறது. வழக்கமான வகுப்பில் தேற முடியாத குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று ஆராயப் பிரெஞ்சு அரசு 1904இல் அமைத்த குழுவில் இடம்பெற்ற உளவியலர் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் என்ற இளம் மருத்துவருடன் சேர்ந்து 1905இல் ஓர் அளவீட்டை வெளியிட்டார். 1908இல் அது வயதுவாரியாகத் திருத்தப்பட்டது. ஐந்து வயதினர் வழக்கமாகச் செய்து முடிக்கும் பணிகளை மட்டுமே செய்யவல்ல எட்டு வயதுக் குழந்தைக்கு ‘மன வயது’ ஐந்து என்று கணக்கிடும் முறை இவ்வளவீட்டிலிருந்து பிறந்ததாகும். எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று அறிவதே பினேயின் நோக்கம். அறிவுத்திறன் என்பது கூடவோ குறையவோ இயலாத ஓர் அளவு என்ற எண்ணத்தை அவர் 1909இல் எழுதிய நூலிலேயே வன்மையாக மறுத்தார். 1911இல் அவர் காலமானார். அதற்குள் அவருடைய அளவீடு கடல் கடந்துவிட்டது. நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லேண்ட் என்னும் ஊரில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான நிறுவனத்தில் ஆய்வு இயக்குநராக இருந்த ஹென்றி கோடார்டு, அறிவுத்திறன் பரம்பரையாக வருவது, மாறாதது என்று நம்பியவர். யாருக்கு உதவுவது என்று காண ஒருவர் செய்த கருவியை, யாரை ஒதுக்குவது என்று காண மற்றொருவர் எடுத்துக்கொண்டார்.

நியூ ஜெர்சிக்கு அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் பள்ளிச் சட்டத்தில் இக்கருவி நிலையான இடம் பெற்றது. அச்சட்டத்தின் ஒரு பிரிவு, மன வயது ஐந்தை எட்டாத குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்க மறுக்கப் பள்ளிக்கு அதிகாரம் அளித்தது. இன்னொரு பிரிவு, பள்ளி உளவியலர் ஒருவர் ‘கற்பிக்கவும் பயிற்றவும் இயலாதது’ என்று சான்றளித்த குழந்தைக்குக் கல்வி தரும் பொறுப்பிலிருந்து கல்வித் துறையை விடுவித்தது. மூன்றாவது பிரிவு, பள்ளிக்கு வருவதால் பயன்பெற இயலாது என்று உளவியலர் கருதிய குழந்தைக்குக் கட்டாயக் கல்வியிலிருந்து ‘விலக்களித்தது’. இதில் விலக்கு என்பது சலுகையின் மொழியில் சொல்லப்பட்ட வெளியேற்றமே ஆகும். கட்டாயக் கல்விக்கான வயது எட்டு முதல் பதினேழு வரை என்று கூறிய நான்காவது பிரிவுகூட, இக்குழந்தைகளை எட்டு வயது வரை உள்ளே விடாமலிருப்பதற்கும் பதினேழில் வெளியே அனுப்பிவிடுவதற்கும் பயன்பட்டது. இச்சான்றைப் பெற்றோருக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. அதை மறுத்துப் பேச அவர்களுக்கு ஒரு விசாரணை மன்றமும் இல்லை. திருட்டு வழக்கில் பிடிபட்டவனுக்குக் கிடைத்த வாய்ப்புகூட ஆறு வயதுக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

பென்சில்வேனியா இதில் தனித்த கொடுமைக்காரர்களின் நாடாக இருந்துவிடவில்லை. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம், பாடங்களில் மற்றவர்களுக்கு ஈடாகத் தேறிவந்த ஒரு சிறுவனை, அவனுடைய உடல்நிலையும் பேச்சும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மனச்சோர்வும் குமட்டலும் தருகின்றன என்ற காரணத்துக்காகப் பள்ளி விலக்கியது சரியே என்று 1919இல் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ், மருத்துவ அலுவலரின் சோதனைக்குப் பின் கல்விக்குத் தகுதியற்றவை என்று முடிவு செய்யப்பட்ட குழந்தைகள் கல்வித் துறையின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டுச் சுகாதாரத் துறையின் கையில் ஒப்படைக்கப்பட்டனர். 1970இல் இயற்றிய சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த பிறகே அந்நாட்டில் அப்பாகுபாடு ஒழிந்தது.

விலக்கப்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு இடங்கள் இருந்தன: ஒன்று வீடு, மற்றொன்று அரசின் காப்பகம். பென்சில்வேனியாவில் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோர் 1949இல் சங்கம் அமைத்துத் திரண்டனர். அக்காலத்தில் இத்தகைய சங்கங்கள் தேவாலயங்களின் நிலவறைகளில் தாமே சிறு வகுப்புகள் நடத்தியதுண்டு. வரி கட்டிய பெற்றோர் பள்ளியையும் தாமே கட்ட வேண்டியிருந்தது. காப்பகங்களின் நிலைமையோ வேறு. 1908இல் திறக்கப்பட்ட பென்ஹர்ஸ்ட் காப்பகத்தில் மனிதர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த விதத்தைப் பிலடெல்ஃபியா நகரத் தொலைக்காட்சி ஒன்று 1968இல் தொடர் நிகழ்ச்சியாகக் காட்டியபோது அம்மாநிலமே அதிர்ந்தது. அதற்கு முன்பே, சிறப்புக் கல்வித் துறைப் பேராசிரியரான பர்ட்டன் பிளாட், பிரெட் கப்லான் என்ற ஒளிப்படக் கலைஞரின் இடைவாரில் மறைத்து வைத்த கேமராவுடன் சில காப்பகங்களுக்குள் சென்று, அங்கே எடுத்த படங்களை 1966இல் நூலாக வெளியிட்டிருந்தார். சிறப்புக் கல்வித் துறை அதுவரை காப்பகங்களுடன் நெருங்கிய உறவு கொண்டிருந்ததால், அந்நூல் துறைக்கு வெளியே இருந்தவர்களைவிடத் துறைக்குள் இருந்தவர்களையே கூடுதலாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது எனலாம்.

பெற்றோர் சங்கங்கள் மனுக்களுடன் நின்றுவிடாமல் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று 1960களில் இடைவிடாது வற்புறுத்தியவர் குன்னர் டிப்வாட். ஜெர்மனியில் சட்டம் பயின்று அமெரிக்காவில் குடியேறிய அவர், தேசிய அளவிலான பெற்றோர் சங்கத்தின் செயல் இயக்குநராக 1957 முதல் 1963 வரை பணியாற்றியவர். சட்டத்தையும் குழந்தை நலப் பணியையும் ஒருசேர அறிந்தவர் அக்காலத்தில் அவரைப் போல வெகு சிலரே. பென்சில்வேனியாச் சங்கம் 1969இல் வழக்குத் தொடுக்க முடிவு செய்து தாமஸ் கில்ஹூல் என்ற இளம் வழக்கறிஞரை அமர்த்தியது. சங்கத்தாரின் சினம் முழுவதும் பென்ஹர்ஸ்ட் மீது இருந்தது. காப்பகத்தின் அழுக்கையும் அடியையும் எதிர்த்து வழக்காடலாம் என்ற வழி கண்ணெதிரே இருந்தும், கில்ஹூல் பள்ளியை முன்னிறுத்தினார். நிறவேற்றுமைப் பள்ளிகளைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அரசு கல்வி வழங்க முன்வந்தால் அதை எல்லாருக்கும் சமமாக வழங்க வேண்டும் என்று ஏற்கெனவே நிலைநாட்டியிருந்தது. குழந்தைக்குப் பள்ளி கிடைத்தால் பெற்றோர் அதை வீட்டில் வைத்து வளர்ப்பர், காப்பகத்துக்குச் செல்லும் வரிசையும் தானே குறையும். சட்ட நுணுக்கமும் வாழ்க்கை அறிவும் இத்தெரிவில் ஒன்று கூடின.

வழக்கு 1971 ஜனவரியில் தாக்கல் செய்யப்பட்டு, ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் முன் சாட்சிய விசாரணைக்கு வந்தது. பர்ட்டன் பிளாட், இக்னசி கோல்ட்பர்க், ஜேம்ஸ் கேலஹர் உள்ளிட்ட சிறப்புக் கல்வி, உளவியல் அறிஞர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினர். கற்க இயலாத குழந்தை என்று ஒரு வகை கிடையாது என்பதே அவர்களுடைய சாட்சியத்தின் சாரம். எழுத்தும் கணக்கும் மட்டுமே கல்வி என்று கொள்ளாமல், தானே உண்ணுவதும் உடுப்பதும் பிறரோடு பேசுவதும் கல்வியே என்று கொண்டால், அக்கல்வியால் பயன் பெறாத குழந்தை இல்லை என்று அவர்கள் விளக்கினர். இக்கூற்று எண்களாகவும் நீதிமன்றப் பதிவில் இடம்பெற்றது: தக்க கல்வியும் பயிற்சியும் தரப்பட்டால், அறிவுசார் குறைபாடுடைய 30 பேரில் 29 பேர் தம் வாழ்க்கையைத் தாமே நடத்திக்கொள்ளவல்லவர், அவர்களுள் 25 பேர் எல்லாரையும் போலப் பொதுச் சந்தையிலும் 4 பேர் பாதுகாப்பான சூழலிலும் வேலை செய்யக் கூடும், எஞ்சிய ஒருவரும் தம்மை ஓரளவு பேணிக்கொள்ளக் கற்பார். ஒரே நாள் சாட்சியத்துக்குப் பின் மாநில அரசு வாதத்தைக் கைவிட்டு உடன்பாட்டுக்கு இணங்கியது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்த அறிஞர்கள் குழந்தைகளுக்காக இரக்கம் கோரவில்லை. இரக்கத்தைத்தான் காப்பகங்கள் அரை நூற்றாண்டாக வழங்கி வந்தன. அரசின் செலவைக் குறைக்கலாம் என்ற வாதமும் பின்னணியில் இருந்ததே தவிர முன்னால் வரவில்லை. அவர்கள் செய்தது, தம் துறையின் பெயரால் ஒரு மாநிலம் முழுவதும் வழங்கப்பட்ட சான்றுக்குத் துறையின் அறிவில் ஆதாரமே இல்லை என்று உறுதிமொழியின்மீது சொன்னதாகும். சட்டப் பிரிவுகள் பெரும்பாலும் உளவியலரின் தீர்ப்பைத் தூணாகக் கொண்டு நின்றன. உளவியலும் கல்வியியலும் அத்தூணைத் தம் கையால் அகற்றியபின், பாதுகாத்துப் பேச அரசு வழக்கறிஞர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சாட்சி சொன்னவர்கள் பல்கலைக்கழகங்களைச் சார்ந்தவர்கள், பள்ளி மாவட்டங்களிடம் சம்பளம் பெற்றவர்கள் அல்லர். அன்றாடம் சான்றில் கையொப்பமிட்டு வந்த பள்ளி உளவியலர் அந்தக் கூண்டில் ஏறியிருந்தால் மறுநாள் அவருடைய வேலை என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு இச்சொற்பொழிவின் பிற்பகுதியில் மீண்டும் வர நேரும்.

1971 அக்டோபரில் எட்டிய உடன்பாட்டைச் சில பள்ளி மாவட்டங்கள் ஆட்சேபித்தபோதும் 1972 மே மாதத்தில் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதன்படி எந்தக் குழந்தைக்கும் அதன் திறனுக்கேற்ற இலவசப் பொதுக் கல்வியை மறுக்கலாகாது. தனி வகுப்பைவிடப் பொது வகுப்பும், வேறு எவ்விடத்தையும்விடத் தனி வகுப்பும் விரும்பத்தக்கவை. குழந்தையின் கல்வி நிலையை மாற்றுமுன் பெற்றோருக்கு அறிவிப்பும் விசாரணையும் கட்டாயம். நிறைவேற்றத்தைக் கண்காணிக்க நீதிமன்றம் நியமித்த இருவரில் ஒருவர் கல்வியாளர், மற்றொருவர் வழக்கறிஞர். விலக்கப்பட்ட குழந்தைகளை மாநிலம் முழுவதும் தேடிக் கண்டுபிடிப்பதும் அரசின் கடமையாயிற்று. அதுவரை குழந்தையின் குறையைத் தேடியவர்கள் இனிக் குழந்தையையே தேட வேண்டியவர்களாயினர்.

அதே 1972இல் தலைநகர் வாஷிங்டனில் தீர்ப்பான மில்ஸ் வழக்கு இவ்வுரிமையை எல்லாக் குறைபாடுகளுக்கும் விரித்து, நிதி போதாது என்றால் அந்தப் பற்றாக்குறையின் சுமை குறைபாடுடைய குழந்தைகள்மீது மட்டும் கூடுதலாக விழலாகாது என்றது. 1975 நவம்பரில் அதிபர் போர்டு கையொப்பமிட்ட கூட்டரசுச் சட்டத்தின் முகப்பில், நாட்டில் குறைபாடுடைய குழந்தைகள் 80 லட்சத்துக்கும் மேல் என்றும் அவர்களுள் 10 லட்சம் பேர் பொதுப்பள்ளியிலிருந்து முற்றாக விலக்கப்பட்டுள்ளனர் என்றும் காங்கிரஸ் பதிவு செய்தது. ஒரு மாணவருக்கு ஆகும் தேசியச் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை கூட்டரசு ஏற்கும் என்ற வாக்குறுதி மட்டும் இன்றுவரை நிறைவேறவில்லை. அச்சட்டத்தின் பொருள் என்ன என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலாக ஆராய்ந்த 1982ஆம் ஆண்டு ரௌலி வழக்கில், செவித்திறன் இல்லாத சிறுமிக்கு வகுப்பில் சைகைமொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வாதாடிய மைக்கேல் சாட்டாஃப் தாமும் செவித்திறன் இல்லாதவர்; நீதிபதிகளின் கேள்விகள் கணினித் திரையில் எழுத்தாகத் தோன்ற, அதைப் படித்துப் படித்து விடை கூறினார். வழக்கில் அவர் தோற்றார். ஆனால் சிறுமிக்கு மறுக்கப்பட்ட அதே வகை உதவியை நீதிமன்றம் அவளுடைய வழக்கறிஞருக்கு வழங்கியிருந்தது என்பதை வரலாறு மறக்கவில்லை.

சட்டம் வந்தபின் வல்லுநர்களின் அதிகாரம் குறைந்தது என்று எண்ணினால் அது பிழை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுதோறும் இலக்குகளையும் உதவிகளையும் எழுத்தில் வகுக்கும் ‘தனியாள் கல்வித் திட்டம்’ கட்டாயமானதால், உளவியலர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், சிறப்பாசிரியர் எனப் பலர் ஒரு மேசையைச் சுற்றி அமர, மறுபக்கம் ஒரு தாய் மட்டும் அமரும் காட்சி அமெரிக்கப் பள்ளிகளில் வழக்கமாயிற்று. விலக்கும் சான்று போயிற்று. வகைப்படுத்தும் சான்று நின்றது. கலிபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகள் நுண்ணறிவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு மந்தமானவர்களுக்கான தனி வகுப்புகளில் அளவுக்கு மிஞ்சிக் குவிக்கப்பட்டபோது, கறுப்பின உளவியலர் சங்கத்தினர் அக்குழந்தைகளுக்கு அவர்கள் அறிந்த மொழிநடையில் மறுதேர்வு நடத்தி, அவர்கள் அவ்வகுப்புக்குரிய எல்லை மதிப்பெண்ணைத் தாண்டுவதைக் காட்டினர். 1971இல் தொடுக்கப்பட்ட அவ்வழக்கில் 1979இல் வந்த தீர்ப்பு, கறுப்பினக் குழந்தைகளை அவ்வகுப்புகளுக்கு அனுப்ப அத்தேர்வைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஒரு தொழிலின் முதன்மையான கருவியை அத்தொழிலைச் சேர்ந்தவர்களே நீதிமன்றத்தில் செல்லாததாக்கிய நிகழ்வு இது. குழந்தை உரிமை வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. இத்தாலி வேறு வழியில் சென்றது. அந்நாடு 1977ஆம் ஆண்டின் 517ஆம் சட்டத்தால் தனி வகுப்புகளையே ஒழித்து, வகுப்பு முழுவதற்கும் துணை நிற்கும் ‘ஆதரவு ஆசிரியர்’ என்ற பதவியை உருவாக்கியது.

இந்தியாவுக்கு வருங்கால், சட்டங்களின் வரிசை குறைவற்றதாகவே உள்ளது. குறைபாடுடைய குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கும் ஒன்றிய அரசின் திட்டம் 1974இல் தொடங்கியது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக உயர்த்தி, உள்ளடக்கிய கல்விக்கு இலக்கணமும் வகுத்தது. இங்கும் வாயிலில் சான்று நிற்கிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு என்று மருத்துவ அதிகாரி சான்றளித்தால்தான் ஆறு முதல் பதினெட்டு வயது வரையிலான இலவசக் கல்வி உரிமை அச்சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி கிடைக்கும். விலக்குவதற்காகத் தரப்பட்ட பென்சில்வேனியாச் சான்றும் உரிமை பெறுவதற்காகத் தரப்படும் இந்தச் சான்றும் ஒன்றல்ல என்பது உண்மை. எனினும், செவியையோ காலையோ அளந்து தரப்படும் விழுக்காட்டிலிருந்து வகுப்பறையில் அக்குழந்தைக்கு என்ன தேவை என்று ஓர் ஆசிரியர் அறிந்துகொள்ள வழியில்லை.

தம் நிறுவனத்தின் அடித்தளத்தையே மறுபரிசீலனை செய்த வல்லுநருக்கு இந்நாட்டில் எடுத்துக்காட்டாக நிற்பவர் மிது ஆலுர். பெருமூளை வாதமுடைய குழந்தைகளுக்காக 1970களின் தொடக்கத்தில் பம்பாயில் சிறப்புப் பள்ளி தொடங்கிய அவர், பிற்காலத்தில் தனிப்பள்ளி முறையை விட்டு உள்ளடக்கிய கல்வியின் பக்கம் வந்தார். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பயனாளர்களுள் குறைபாடுடைய குழந்தைகள் இடம்பெறாமல் போனதை அவருடைய ஆய்வு வெளிப்படுத்தியது. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய, இன்று வித்யாசாகர் என்று அறியப்படும் நிறுவனமும் மறுவாழ்வுச் சேவையோடு தொடங்கிச் சட்ட உரிமைப் பணிவரை விரிந்ததாகும். தாம் நடத்தும் பள்ளி தேவைப்படாத நிலையை நோக்கி உழைப்பது எந்த நிறுவனருக்கும் எளிதன்று.

இந்திய உச்ச நீதிமன்றத்தில் இத்துறையின் குறிப்பிடத்தக்க வழக்கு, சிறப்பாசிரியர்கள் தம் பணியிடங்களுக்காகத் தொடுத்தது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் வந்த தீர்ப்பையடுத்து, பொதுப்பள்ளிகளில் தொடக்க நிலையில் பத்துக் குழந்தைகளுக்கும் அதற்கு மேற்பட்ட நிலையில் பதினைந்து குழந்தைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை ஒன்றிய அரசு வகுத்தது. அவ்விகிதப்படி பணியிடங்களை அறிவித்து நிரப்ப வேண்டும் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. வேலை கேட்டுப் போட்ட வழக்கை உரிமைப் போராட்டம் என்று கொள்ளலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் தமிழ்நாட்டு வட்டார வள மையங்களில் பணிபுரியும் சிறப்புப் பயிற்றுநர்களின் நிலையைக் கருத வேண்டும். தொகுப்பூதியத்தில் பணியாற்றும் அவர்களுள் ஒவ்வொருவரும் பல பள்ளிகளைக் கவனிப்பதோடு, பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்கும் செல்ல வேண்டியுள்ளது.

அவ்வீடுகளில்தான் பென்சில்வேனியாவின் மூன்றாவது பிரிவு புதிய உருவில் தென்படுகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம், பன்முகக் குறைபாடோ கடும் குறைபாடோ உடைய குழந்தை இல்லம் சார்ந்த கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. சக்கர நாற்காலி நுழையாத வகுப்பறை, பயன்படுத்த முடியாத கழிப்பறை, ஏற்றிச் செல்ல ஆளில்லாத ஊர் ஆகிய மூன்றுக்கும் நடுவே ஒரு தாய் வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டதும் ஏட்டில் தேர்வு என்றே பதிவாகிறது. அந்தத் தேர்வைக் குழந்தையிடமே கேட்டறிய வேண்டிய கடமை யாருடையது என்று திருத்தம் கூறவில்லை. தம்மைப் பற்றிய எல்லா விஷயங்களிலும் கருத்துரைக்கக் குறைபாடுடைய குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்றும், வயதுக்கும் குறைபாட்டுக்கும் ஏற்ற துணையோடு அதைக் கேட்க வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகிறது. அக்குழந்தையின் முன் அமர்ந்து, அதன் கண்ணசைவையும் ஒலியையும் பழகி, பள்ளிக்குப் போக விருப்பமா என்று கேட்டறியும் திறமையுடையவர் பெரும்பாலும் வீட்டுக்குச் செல்லும் அந்தச் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரே. விருப்பம்தான், சாய்தளமும் கழிப்பறையும் இல்லாததே தடை என்று அவர் தம் வருகைப் பதிவேட்டில் எழுதினால், அது தமக்கு ஊதியம் தரும் துறைக்கு எதிரான வாக்குமூலமாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதோ அதே துறையின் கையில் இருக்கிறது.